ரோட்டோரக் கவுதாரி: மதுரைப் பக்கம் நாம் செய்கிற தவறுகள்

மேலூரிலிருந்து அழகர்கோவில் போகிற சாலையில் காலை ஆறரை மணிக்கு வண்டி ஓட்டிப் பாருங்கள். தார் முடிந்து செம்மண் தொடங்குகிற ஓரத்தில் நாலைந்து கவுதாரிகள் நிற்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் பறக்காது. தலையைத் தாழ்த்திக்கொண்டு விறுவிறுவென ஓடி ஆவாரஞ்செடிக்குள் புகுந்துவிடும். இனி தப்பிக்கவே முடியாது என்றால்தான் படபடவென இறக்கை அடித்து எழும். இந்தக் குணம் தெரிந்தவர்களுக்கு அது சுலபமான கறி. அதனால்தான் காட்டுக்குள் போய் வேட்டையாடுகிறவர்களைவிட, டூ வீலரில் ரோட்டோரமாகப் போய்ப் பிடிக்கிறவர்கள் இப்போது அதிகம்.

கவுதாரி வழி தவறி ரோட்டுக்கு வருவதில்லை. அதற்குப் பல் கிடையாது. விழுங்கிய விதையை அரைக்க வயிற்றில் சிறு கல் வேண்டும், அந்தப் பொடிக்கல் ரோட்டு விளிம்பில் கிடைக்கிறது. உண்ணி, பேன் போக மண்ணில் புரண்டு குளிக்கும், அதற்கேற்ற புழுதியும் அங்கேதான். அறுப்புக் காலத்தில் நாம் ரோட்டிலேயே காயப்போடுகிற நெல்லும் கம்பும் சோளமும் அள்ளியது போக மிச்சம் கிடக்கும். மழை பெய்த மறுநாள் கரையான் கிளம்பும். அதன் அன்றாடப் பிழைப்பில் பாதி அந்த ஓரத்தில்தான் நடக்கிறது.

"காட்டுக்குள்ள சுட்டாத்தான் கேஸ், ரோட்டுல இருக்கிறது பொது" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் தவறு இதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையைத்தான் பார்க்கிறது, அது நிற்கிற இடத்தைப் பார்ப்பதில்லை. புறம்போக்கு, கண்மாய்க்கரை, நாலுவழிச் சாலை, உங்கள் சொந்தத் தோட்டம் எதுவானாலும் ஒன்றுதான். வேட்டை என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தருகிற பொருளும் நாம் நினைப்பதைவிட அகலமானது. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, உயிரோடு பிடிப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். முயன்று தோற்றாலும் வேட்டைதான்.

"மயில்தானே தேசியப் பறவை, கவுதாரிக்கு என்ன?" என்பது அடுத்தது. மயில் அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் தண்டனை கடுமை: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கவுதாரியும் காட்டுக் காடையும் பாதுகாக்கப்பட்டவையே. அவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் இந்த அபராதம் 25,000லிருந்து ஒரு லட்சமானது. வேட்டைக்குப் பயன்பட்ட வண்டியும் போய்விடும். தவணை கட்டி முடிக்காத பைக்கை ஒரு கவுதாரிக்காக இழப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஏர்கன் விஷயத்தில் இன்னும் பெரிய குழப்பம் இருக்கிறது. சில வகை ஏர்கன்களை வாங்க உரிமம் தேவையில்லை, உண்மைதான். அதை வைத்துப் பறவையைச் சுட அனுமதி என்று அதற்கு அர்த்தம் கிடையாது. பிள்ளைகள் கையில் கொடுத்து, "சும்மா புறா, கவுதாரி அடிச்சுப் பழகட்டும்" என்று விடுகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் முதலில் சொல்வது சட்டத்தைக்கூட அல்ல. கவுதாரி தரையோடு தரையாக நிற்கும் பறவை, அதைக் குறிவைத்தால் குண்டு தரையை ஒட்டியே போகும். தாரிலோ பாறையிலோ பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செடிக்குப் பின்னால் ஆடு மேய்க்கிற அம்மா குனிந்து விறகு பொறுக்கிக்கொண்டிருப்பார். அந்தச் சின்னக் குண்டு கண்ணில் பட்டால் கண் போனதுதான். அது ஈயக் குண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவையின் உடம்புக்குள் சிதறிய ஈயத் துணுக்கு கறியோடு வீட்டுக் குழந்தையின் தட்டுக்கு வரும்.

இரவில் போகிறவர்கள் செய்வது இதைவிட மோசம். கவுதாரிக் கூட்டம் இரவில் உடைமரத்திலோ கருவேலத்திலோ தாழ்ந்த கிளையில் ஒன்றையொன்று ஒட்டி அடையும். நெற்றி லைட்டை முகத்தில் அடித்தால் கண் கூசி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒரே மரத்தில் ஒரு குடும்பமே காலி. மறு வருடம் அந்தப் பொட்டலில் விடியற்காலைக் கூவல் இருக்காது.

அடுத்தது வாங்குவது. இதைத்தான் நம்மில் பலர் தவறாகவே நினைப்பதில்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், நத்தம் சாலையில் புளியமரத்தடியில் ஒருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். மஞ்சப்பையைத் திறந்தார். உள்ளே ஆறு கவுதாரிகள், உயிரோடு. ஓடக் கூடாது என்று கால்களை நாரால் சேர்த்துக் கட்டியிருந்தார். பறக்கக் கூடாது என்று இரண்டு இறக்கைகளையும் முதுகுப் பக்கம் ஒன்றோடொன்று பின்னி முறுக்கியிருந்தார். ஒன்றின் அலகு திறந்தபடியே இருந்தது, வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "ஜோடியா எடுத்துக்கங்கண்ணே, சளிக்கு நல்லது" என்றார். என் பின்னால் உட்கார்ந்திருந்த மாமா பர்ஸை எடுத்துவிட்டார். "வேணாம் மாமா, இது முட்டைக் காலம்" என்றேன். அவர் பேசாமல் பர்ஸை உள்ளே வைத்தார். ஆனால் நான் வனத்துறைக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்த ஆறும் மாலைக்குள் யார் வீட்டுக்கோ போயிருக்கும். அன்று செய்த தவறு இன்றும் என்னை உறுத்துகிறது.

கவுதாரி பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை முட்டையிடும். புல்லடியில் மண்ணைக் கொஞ்சம் பறித்து ஆறு, எட்டு முட்டை வைக்கும். சித்திரையில் பிடித்த ஜோடி என்றால் எங்கோ ஒரு குழியில் முட்டைகள் ஆறிக் கிடக்கின்றன என்று பொருள். வாங்கியவர் "நான் பிடிக்கலையே" என்று சொல்லித் தப்ப முடியாது. காட்டுப் பறவையின் கறியைக் கையில் வைத்திருந்தாலே குற்றம்.

காடைக் கறி வேண்டுமென்றால் பண்ணைக் காடை இருக்கிறது. கடையில் கூண்டில் இருக்கிற ஜப்பானியக் காடை அதுதான், பொரித்து ஐந்தாறு வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும். நோயில் படுத்தவனைக் காடைக் கறி எழுப்பிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் அது போதும். ரோட்டோரத்தில் பைக்குள் கட்டி வைத்து, "நாட்டுக்காடை, காட்டுக்காடை" என்று சொல்லி விற்றால் நகர்ந்துவிடுங்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் மாவட்ட வன அலுவலகத்துக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். விற்கிறவரோடு சண்டை போட வேண்டாம். பெரும்பாலும் அவர் கூலிக்குப் பிடித்துக் கொடுக்கிறவராகத்தான் இருப்பார்.

"பாரிவேட்டை நம்ம ஊர் வழக்கமாச்சே" என்று, ஊரே கூடிப் போகிற திருவிழா வேட்டையைக் காட்டிக் கேட்பவர்கள் மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையில் ஒருமுறை போய் வர வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தக் கண்மாயும் சேர்ந்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் வந்தது. நம் பக்கம் அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லகார் வல்லூறும் ராசாளியும் அந்தக் குன்றுகளில் இருக்கின்றன என்றால், அவை தின்னச் சுற்றியுள்ள பொட்டலில் சிறு பறவைகள் இருப்பதுதான் காரணம். பறவையைக் காப்பதும் நம்ம ஊர் வழக்கம்தான்.

மயில் தொல்லை நிஜம். நிலக்கடலை முளையையும் தக்காளியையும் அது விட்டுவைப்பதில்லை, விவசாயியின் கோபம் எனக்குப் புரிகிறது. அதற்காகப் பூச்சிமருந்தில் நெல்லை ஊறவைத்து வரப்பிலும் ரோட்டோரத்திலும் தூவுகிறார்களே, அந்த நெல்லை மயில் மட்டுமா தின்னும்? கவுதாரி தின்னும், கோழி தின்னும், செத்ததை இழுத்த நாய் சாகும். கீழே விழுந்த மயிலை யாராவது கறிக்கு எடுத்துப் போனால் மனிதரும் சாகலாம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஒரு கவுதாரி ரோட்டைக் கடந்தால் பின்னால் இன்னும் வரும். முதல் பறவை போய்விட்டது என்று ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். அடிபட்டுக் கிடப்பதை எடுக்க நாலுவழிச் சாலையில் சட்டென நிறுத்துவதும் ஆபத்து, பின்னால் லாரி வரும். உயிர் இருந்தால் வண்டியை நன்றாக ஓரங்கட்டிவிட்டு, துணியால் மூடி எடுத்து, துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வனத்துறைக்குச் சொல்லி ஒப்படையுங்கள்.

கடைசித் தவறு நல்ல மனதால் நடப்பது: தனியாக நிற்கிற குஞ்சை "பாவம்" என்று வீட்டுக்குத் தூக்கி வருவது. கவுதாரிக் குஞ்சு பொரித்தவுடனே தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். அது தனியாகத் தெரிந்தால் பெரும்பாலும் உங்களைக் கண்டுதான் தாய் ஒளிந்திருக்கும். போன ஆனியில் அழகர்கோவில் சாலையில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். கட்டைவிரல் அளவு, முதுகில் பழுப்புக் கோடு, தாரின் விளிம்பில் அப்படியே உறைந்து நின்றது. வண்டியை அணைத்துத் தள்ளிப் போய் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆவாரைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு கொக்கரிப்பு வந்தது. குஞ்சு தலையைத் தூக்கியது, ஓடியது. அதற்கு முன்னால் என் கண்ணில் படாத இன்னும் மூன்று குஞ்சுகள் புல்லுக்குள்ளிருந்து எழுந்து அதன் பின்னால் ஓடின.