பெங்களூருவில் ஒரு சிறு குவார்டெட்டை டிரஸ்டாக நடத்துவது எப்படி: டீட் முதல் துணி கிளிப் வரை

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு ஹாலில்தான் நாங்கள் நான்கு பேரும் முதலில் வாசித்துப் பார்த்தோம். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, காலிடுக்கில் வைத்து வாசிக்கும் ஒரு செல்லோ, இந்த நான்கும் சேர்ந்ததுதான் குவார்டெட். இப்போது மாதம் ஒரு இடம் என்று முதியோர் இல்லம், அரசுப் பள்ளி, சர்ச் ஹால், கோயில் மண்டபம் எல்லாவற்றிலும் டிக்கெட் இல்லாமல் வாசிக்கிறோம். செலவுக்கு நன்கொடை வாங்குகிறோம், அதற்கு ஒழுங்காகக் கணக்கும் வைத்திருக்கிறோம். அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கத்து நண்பர்கள் சிலர் தாங்களும் இப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன். நோட்ஸ் பார்த்து வாசிக்க வரும், வாரம் ஒருமுறை ஒத்திகைக்கு ஆட்கள் வருவார்கள் என்றே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதலில் ஆட்கள். வயலின்காரர்கள் கிடைத்துவிடுவார்கள், வயோலாவுக்குத்தான் அலைய வேண்டும். ஆள் தேடி மாதங்களை வீணாக்காமல், உங்களில் ஒரு வயலின்காரரையே வயோலாவுக்கு மாறச் சொல்லுங்கள். வயோலாவுக்கு நோட்ஸ் எழுதும் முறையான ஆல்டோ கிளெஃப் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும், அவ்வளவுதான். கர்நாடக வயலின் வாசிப்பவர் ஆசையோடு வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் நாளே பேசிவிடுங்கள்: அவருடைய தந்திகள் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டியவை, நம்முடையவை ஜி-டி-ஏ-இ. விரல் வைக்கும் இடமே மாறிவிடும். இதற்கென்று தனியாக இன்னொரு வயலின் வைத்துக்கொள்வதுதான் நல்லது, ஒரே வயலினைத் திரும்பத் திரும்பச் சுருதி மாற்றினால் தந்தி சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது பதிவு. சொசைட்டியா (சங்கம்), டிரஸ்டா (அறக்கட்டளை)? கர்நாடகத்தில் சொசைட்டிக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடா வருடம் நிர்வாகிகள் பட்டியல் கொடுக்க வேண்டும். நான்கு பேர் குழுவுக்கு என் ஓட்டு டிரஸ்டுக்குத்தான். முத்திரைத் தாளில் டீட், அதாவது அறக்கட்டளைப் பத்திரம், எழுதி சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிந்துவிட்டு, டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, பிறகு வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. இதெல்லாம் எந்த ஆடிட்டரும் செய்து கொடுத்துவிடுவார்.

நாங்கள் மாட்டிக்கொண்டது டீடின் வாசகத்தில். வருமான வரிப் பதிவு, அதாவது டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி, முதலில் தற்காலிகமாகக் கிடைக்கும், 2021-லிருந்து முறை அப்படி. அது எங்களுக்குச் சுலபமாக வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்றே நினைத்தோம். அடுத்த கட்டமான வழக்கமான பதிவுக்கு விண்ணப்பித்தபோதுதான் டீடை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டார்கள். டிரஸ்டைக் கலைத்தால் சொத்து எங்கே போகும் என்று அதில் எழுதவே இல்லை. அதே நோக்கமுள்ள இன்னொரு பொது அறக்கட்டளைக்குத்தான் போகும், டிரஸ்டிகளுக்குத் திரும்பி வராது என்று தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவது, நோக்கம் என்ற இடத்தில் 'உறுப்பினர்களின் இசைத் திறனை வளர்ப்பது' என்று எழுதியிருந்தோம். அப்படி எழுதினால் பலன் நமக்கே வருவதுபோல ஆகிவிடுகிறது, 'பொதுமக்களுக்கு இசையைக் கொண்டுசேர்ப்பது' என்று இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது: டீடைத் திருத்தும் அதிகாரம் டிரஸ்டிகளுக்கு உண்டு என்று ஒரு வரி வேண்டும். எங்கள் டீடில் அது இருந்ததால் திருத்தப் பத்திரம் பதிந்து தப்பித்தோம், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். எல்லா டிரஸ்டிகளும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, செல்லோ வாசிப்பவர் வேலைக்காக ஊர் மாறியிருந்ததால் அதற்கே இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாங்குவதாகச் சொன்ன சின்ன அளவு வயலின்களை வாங்க முடியவில்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இதிலிருந்து ஒரு யோசனை: வாசிக்கும் நால்வரையும் டிரஸ்டிகளாக்காதீர்கள். டிரஸ்டிக்குப் பணம் கொடுத்தால் அது நியாயமான தொகைதானா என்ற கேள்வி எப்போதும் வரும். பேட்டையில் மதிப்புள்ள ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு மருத்துவர், உங்களில் ஒருவர், இந்த மூவர் போதும்.

பணம் வாங்கும்போது: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தால் கொடுத்தவருக்கு 80ஜி விலக்கு கிடைக்காது, வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அன்போடு அனுப்பக் கேட்டால் முதலில் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொடக்கூடாது.

சரி, என்ன வாசிப்பது? நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1781-இல் எழுதிய ஓபஸ் 33 என்ற குவார்டெட் தொகுப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் இரண்டாவது குவார்டெட் முடிந்ததுபோல நின்று மறுபடி தொடங்கும். குழந்தைகள் ஒவ்வொரு தடவையும் கைதட்டிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், அந்த நிமிடத்தில் அறையே நம்முடையதாகிவிடும். அப்புறம் முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். மேல்நாட்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்யம் எழுதியவை, சங்கராபரணம் என்பதால் நான்கு கருவிக்கும் இயல்பாகப் பொருந்தும். 'சந்ததம் பாஹி மாம்' இங்கிலாந்தின் தேசியகீத மெட்டுதான். ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் அதை வாசித்தபோது முன்வரிசைப் பாட்டி சாகித்யத்தோடு சேர்ந்து பாடினார், நாங்கள் இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தோம். நால்வருக்கும் பிரித்து எழுத மியூஸ்கோர் போதும், காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்காதீர்கள்.

பதிப்புரிமை பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் இசையமைப்பாளர் இறந்து 60 வருடம் வரை உரிமை இருக்கும். பார்டோக் 1945-இல் இறந்தார், வாசிக்கலாம். ஷோஸ்டகோவிச் 1975, அவருக்கு 2035 முடிய வேண்டும். அமெச்சூர் குழு கேட்க வருபவர்களிடம் பணம் வாங்காமல் வாசித்தால் சட்டத்திலேயே விலக்கு உண்டு. சினிமாப் பாட்டைக் குவார்டெட்டுக்கு மாற்றி எழுதுவது வேறு விஷயம், அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

இடத்துக்கு ஹால் தேடாதீர்கள், மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கு, அவர்கள் நேரத்துக்குப் போங்கள். முதியோர் இல்லம் என்றால் மாலை நான்கு, காபி நேரம் முடிந்தவுடன். மைக் வேண்டாம், சுவர் ஓரமாக உட்கார்ந்தால் ஒலி தானாக முன்னால் போகும். வாசிக்கும்போது தலைக்குமேல் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். திறந்த வெளி என்றால் ஸ்டாண்டுக்கு ஆளுக்கு நான்கு துணி கிளிப், கம்பி ஸ்பிரிங் உள்ள மரக் கிளிப்தான் பிடிக்கும், பிளாஸ்டிக் வழுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டு தந்தியை முறுக்கும் ஆணிகள் நழுவும், அரை மணி முன்னதாகவே போய்ச் சுருதி சேர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தற்காலிகப் பதிவு மூன்று வருடம் செல்லும் என்று நம்பிக் காத்திருந்து மாட்டிக்கொண்டதாகக் கமெண்டில் எழுதியிருக்கிறார். நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்: கெடு முடிய ஆறு மாதத்துக்கு முன்பு, அல்லது செயல்பாடு தொடங்கி ஆறு மாதத்துக்குள், இதில் எது முந்தியோ அதற்குள் வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் முதல் நிகழ்ச்சித் தேதியை ஆடிட்டரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

இன்னொருவர் செல்லோவை ஆட்டோவில் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தார். கெட்டிப் பெட்டியாக இருந்தால் போகலாம், பின்சீட்டில் நிமிர்த்தி வைத்துப் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். துணி உறை மட்டும் இருந்தால் காரில்தான்.