டோல்கீனின் உலகில் நன்மையும் தீமையும்: வாசகர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பற்றிப் பேச்செடுத்தாலே "ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தேவாசுரப் போர் போல, சம பலமுள்ள இரண்டு தரப்புகள் மோதுவதாகவும் எழுதுகிறார்கள். முதல் தவறு இதுதான். டோல்கீன் படைத்த புராணத்தில் தீமைக்கென்று தனி ஊற்று கிடையாது. படைப்பவர் எரு ஒருவரே. உலகத்தைப் பிறப்பித்த அவருடைய இசையில் அபசுரம் எழுப்பிய முதல் தீயவன் மெல்கோரும் அவர் படைத்தவன்தான். உனக்குத் தோன்றும் எந்த இசைக்கும் மூலம் நானே என்று எரு அவனிடம் நேரடியாகவே சொல்லிவிடுகிறார். மெல்கோருக்கு இணையாக ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் அவன் சகோதரன் மன்வேயை நிறுத்துங்கள், எருவை அல்ல.

இதைப் புரிந்துகொண்டவர்கள்கூட அடுத்த படியில் தடுக்கி விழுகிறார்கள். 'தானே ஒன்றைப் படைக்க நினைத்ததுதான் மெல்கோரின் குற்றம்' என்கிறார்கள். அப்படியானால் எருவுக்குக் கீழுள்ள தேவர்களில் கைவினைஞரான ஔலேயை என்ன செய்வது? கற்றுக்கொடுக்கச் சீடர்கள் வேண்டும் என்ற ஆவலில், எல்ஃபுகள் விழித்தெழும்வரை பொறுக்க முடியாமல், மலைக்கடியில் ரகசியமாக ஏழு குள்ளர் தந்தையரை வனைந்தவர் அவர். அவர் நினைத்தால்தான் அவை அசையும். இல்லையென்றால் சும்மா நிற்கும். எரு கேட்டதும் ஔலே எதையும் மறைக்கவில்லை. "உங்களுடையவை, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்று ஒப்படைத்து, அழுதபடியே அவற்றை நொறுக்கச் சுத்தியலை ஓங்குகிறார். குள்ளர்கள் நடுங்கிப் பின்வாங்குகிறார்கள். எரு அவர்களுக்கு ஏற்கெனவே உயிர் கொடுத்துவிட்டார், அதனால்தான் அந்த நடுக்கம். செய்யும் ஆசை இருவருக்கும் இருந்தது. ஔலே கையைத் திறந்தார், மெல்கோர் மூடிக்கொண்டான். இந்த உலகில் தீமை தொடங்குவது அந்தப் பிடிவாதத்தில்தான். 'தி சில்மரில்லியன்' வாசிப்பவர்கள் ஔலே அத்தியாயத்தைக் கிளைக்கதை என்று தாண்டிப் போக வேண்டாம். முழுப் புராணத்துக்கும் அது திறவுகோல்.

அணிபவரை ஆட்டிப்படைக்கும் மோதிரத்தை உருவாக்கிய சௌரானைப் பிறவித் தீயவன் என்று எழுதுவதும் இதன் தொடர்ச்சிதான். மெல்கோரிடம் சேரும் முன் அவன் ஔலேயின் பணியாளாக இருந்தவன். ஒழுங்கை நேசித்தவன், குழப்பமும் விரயமும் பிடிக்காதவன். மெல்கோர் வீழ்ந்தபின் மன்வேயின் தூதன் ஏயோன்வேயிடம் வந்து வருந்தவும் செய்தான். தேவர்கள் வாழும் வாலினோருக்குப் போய்த் தீர்ப்பை ஏற்க வேண்டும் என்றதும் அந்த அவமானத்துக்குத் துணியாமல் ஒளிந்துகொண்டான். எதுவும் தொடக்கத்திலேயே தீயதாக இருந்ததில்லை, சௌரானும் அப்படித்தான் என்று எல்ஃப் தலைவர் எல்ரோண்ட் சபையில் சொல்வது இதை மனதில் வைத்துத்தான். மந்திரவாதி காண்டால்ஃப் மோதிரத்தை ஏற்க மறுப்பதற்கும் இதுவே காரணம். பேராசை என்ற வாசல் அவரிடம் இல்லை. அவருடைய இரக்கத்தின் வழியாகவே மோதிரம் உள்ளே வந்துவிடும்.

தீய தரப்பின் படைவீரர்களான ஓர்க்குகள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 'சிதைக்கப்பட்ட எல்ஃபுகளே ஓர்க்குகள்' என்பது டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் தொகுத்த 1977 'தி சில்மரில்லியன்' பதிப்பில் உள்ள கருத்து. 1993-இல் வெளியான 'மார்காத்ஸ் ரிங்' தொகுப்பிலுள்ள பிற்காலக் குறிப்புகளில் மனிதர்கள், விலங்குகள் என்று வேறு மூலங்களையும் டோல்கீன் யோசித்திருக்கிறார். கடைசிவரை முடிவு செய்யவில்லை. ஆகவே எந்த நூலின்படி சொல்கிறீர்கள் என்பதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். ஒன்று மட்டும் நூலிலேயே தெளிவு: நல்லது கெட்டது தெரியாத ஜடங்கள் அல்ல அவை. துணைக்கு வந்தவனைக் கைவிட்டுப் போவது எல்ஃபுகளின் ஈனப்புத்தி என்று பழிக்கிறான் கோர்பாக் என்ற ஓர்க் தலைவன். சற்று நேரத்தில், தங்கள் ஆள் ஒருவனைச் சிலந்தி கட்டித் தொங்கவிட்டதைப் பார்த்தும் விட்டுவிட்டு வந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அளவுகோல் அவர்களிடமும் இருக்கிறது. அதைத் தங்கள்மேல் மட்டும் வைத்துப் பார்ப்பதில்லை.

நல்ல தரப்பில் எல்லோரும் தூயவர்கள் என்பதற்கு மறுப்பாக எல்ஃப் இளவரசன் ஃபியானோரும் அவன் மக்களும் ஆல்க்வலோண்டே துறைமுகத்தில் சொந்த இனத்தையே வெட்டியது ஒன்று போதும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது முடிவில், மோதிரத்தை அழிக்கச் சுமந்து சென்ற ஃப்ரோடோ எரிமலையை அடையும் இடத்தில். 'ஃப்ரோடோ மோதிரத்தை நெருப்பில் எறிந்தான்' என்று பலரும் எழுதுகிறார்கள். எறியவில்லை. விளிம்பில் நின்று, இது என்னுடையது என்று அணிந்துகொண்டான். முன்பு அதை வைத்திருந்த கோல்லம் விரலோடு கடித்துப் பறித்து, கால் தவறி விழுந்தான். இதைத் தற்செயல் என்று சொல்வதும் பிழை. ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த பில்போ, ஃப்ரோடோ, கடைசியில் அதே மலைச் சரிவில் ஃப்ரோடோவின் துணைவன் சாம் என ஒவ்வொருவராக இரங்கி விட்டுவைத்ததால்தான் கோல்லம் அங்கே இருந்தான். ஃப்ரோடோவை ஒழுக்கத்தில் தோற்றவனாகவும் பார்க்க வேண்டாம்; அந்தக் கடைசி நொடியின் அழுத்தத்தை யாராலும் தாங்க முடியாது என்று டோல்கீனே 1963-இல் எழுதிய ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார்.

அதே கடிதத்தில், கதையிலேயே மிகத் துயரமான தருணம் எது என்றும் சொல்கிறார். கிரித் உங்கோல் கணவாய்ப் படிகளில், தூங்கும் ஃப்ரோடோவின் முழங்காலைக் கோல்லம் மெல்லத் தொடுகிறான். அந்த நிமிடம் அவன் திருந்தியிருக்கக்கூடும். விழித்த சாம், அவன் முகத்தில் வந்த மாற்றத்தைக் கவனிக்காமல் திருடனைப் போலப் பதுங்கியதாகச் சுடுசொல் வீசுகிறான், அந்த வாய்ப்பு போய்விடுகிறது. அதைச் செய்தவன் கதையிலேயே அன்பு மிகுந்தவன். நன்மையும் தீமையும் இரண்டு படைகளாகப் பிரிந்து நிற்கின்றன என்று எழுதப் போகிறவர்கள், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நான்காம் பாகத்தின் எட்டாவது அத்தியாயத்தை முதலில் படித்துவிடுங்கள்.