ஊட்டியைச் சுற்றிப் பார்க்க: ஏறுவதற்கு ஆட்டோ, இறங்குவதற்குக் கால்

வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த நண்பர்களுக்கு ஊட்டியைக் காட்டப் போகிறீர்களா? நாள் முழுக்க டாக்சி பேசாதீர்கள். புனித ஸ்டீபன் தேவாலயம் வரை மட்டும் ஆட்டோவில் ஏறுங்கள். அங்கிருந்து நீலகிரி நூலகம், கமர்சியல் சாலை வழியாகச் சேரிங் கிராஸ் வரை நடந்தே இறங்குங்கள்.

மலை ஊரில் மூச்சு வாங்குவது ஏற்றத்தில்தான். அதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். வழியெல்லாம் ஊரின் பழைய பகுதி. 1830-இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் மேலே பாருங்கள். கூரையைத் தாங்கும் கனத்த உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. வரலாற்று மாணவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள், வண்டியில் கடந்தால் இது யார் கண்ணிலும் படாது. 1859-இல் தொடங்கிய நூலகம் உறுப்பினர்களுக்கானது. வெளியிலிருந்து பார்த்தாலே நிறைவாக இருக்கும்.

ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் இது சரிப்படாது. தென்மேற்குப் பருவமழையில் பாதை வழுக்கும். அப்போதும், முட்டிவலி உள்ளவர் உடன் வந்தாலும் வண்டியே நல்லது. தொட்டபெட்டாவுக்கு இந்த வழி உதவாது, அது தொலைவு.