கொழும்பு–திருகோணமலை வீதியில் தண்டப்பத்திரம் எழுதப்பட்டால்

வாடகைக் காரில் வெளிநாட்டிலிருந்து திருகோணமலைக்கு வருபவர்கள் ஏ6 வீதியில் வேகத்துக்காகப் பொலிஸாரிடம் மாட்டுப்படுவதுண்டு. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஊர்மனை வரும் இடங்களில் வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றரிலிருந்து 50 ஆகக் குறையும். வெளிநாட்டுப் பழக்கத்தில் அக்சிலேற்றரில் வைத்த கால் எழும்பாது.

காசைவிடப் பெரிய வில்லங்கம் லைசன்ஸ்தான். பொலிஸார் அதை வாங்கி வைத்துக்கொண்டு தண்டப்பத்திரம் எழுதித் தருவார்கள். அந்தத் தாளே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். தண்டப்பத்திரம் எழுதிய பொலிஸ் நிலையத்திலேயே லைசன்ஸ் கிடக்கும். ஹபரணையில் பிடிபட்டுத் திருகோணமலைக்கு வந்துவிட்டால், அதை எடுக்கத் திரும்ப 85 கிலோமீற்றர் அளவு ஓடவேண்டும்.

ஆகவே அந்த இடத்திலிருந்து காரை எடுக்கமுன் தண்டப்பத்திரத்தைப் பாருங்கள். வாகன இலக்கம், குற்றம், தொகை, திகதி எல்லாம் சரியா? எழுத்து மங்கலாகவோ சிங்களத்திலோ இருந்தால், எந்தப் பொலிஸ் நிலையம் என்று கேட்டுத் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தாளைப் படமும் எடுத்து வையுங்கள்.

2025 முதல் கோவ்பே (GovPay) என்ற அரசாங்கத்தின் இணையக் கட்டண முறை மூலம் வீதியிலேயே தண்டத்தைக் கட்டி லைசன்ஸை உடனே வாங்கும் வழி வந்திருக்கிறது. அந்த இடத்தில் அது நடக்குமா என்று முதலில் கேளுங்கள். இலங்கையிலுள்ள வங்கியொன்றின் செயலி உங்களிடம் இல்லாவிட்டால் ஊரிலுள்ள சொந்தக்காரர் ஒருவரைக் கட்டச் சொல்லலாம். சரிவராவிட்டால் பக்கத்துத் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டோடு அன்றைக்கே பொலிஸ் நிலையம் போய்விடுங்கள். ஞாயிறும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் தபாலகம் பூட்டு. 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் வழக்கு.

குற்றத்தை மறுத்து நீதிமன்றம் போகலாம்தான். இரண்டு கிழமை விடுமுறையில் வந்தவருக்கு அது தோதுப்படாது. வடக்கு, கிழக்குக்கு வெளியே வழக்கு சிங்களத்தில் நடக்கும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டு லைசன்ஸை மட்டும் நம்பி ஓடுவது வேறு விடயம். உள்ளூர் அங்கீகாரம் இல்லாவிட்டால் அது லைசன்ஸ் இல்லாமல் ஓடிய குற்றம். தபாலகத்தில் முடியாது, நீதிமன்றத்தில் 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டம். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இங்கு ஓடுவதற்கான தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கலாம், இறங்கியவுடன் எடுத்துவிடுங்கள்.

கையில் காசு கொடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். கொடுப்பவரும் குற்றவாளி. யாராவது கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள்.