‘ஃபால் த்ரூ’: தட்டிப்போனதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நேரும் தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லாறுக்கு மேலே மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயில் ஓடாது. அந்த ரயிலுக்காகவே வந்த விருந்தாளியிடம் குன்னூர் ஹோம்ஸ்டேக்காரரும் டாக்ஸி ஓட்டுநரும் சொல்ல வேண்டியிருக்கும் தொடர்தான் ‘ஃபால் த்ரூ’. ‘விழு’, ‘ஊடாக’ என்று பிரித்துப் பார்த்தால் பொருள் பிடிபடாது. நம்முடைய ‘தட்டிப்போச்சு’தான் இதற்கு நேர்ச் சொல். சம்பந்தம் தட்டிப்போச்சு, கிரயம் தட்டிப்போச்சு என்கிறோமே, அதேதான்: பேசி வைத்த ஒன்று நடக்கும் முன்பே இல்லாமல் போவது.

அதிகம் கேட்கும் தவறு ‘ஐ ஃபெல் த்ரூ’. கேட்பவர், கூரை ஷீட் உடைந்து உள்ளே விழுந்துவிட்டீர்களோ என்று பதறுவார். ‘நான் தட்டிப்போனேன்’ என்று தமிழிலும் சொல்ல மாட்டோம். திட்டம், புக்கிங், பேரம், பயணம் இவைதான் எழுவாயாக வர வேண்டும்: ‘அவர் ட்ரிப் ஃபெல் த்ரூ’.

அடுத்தது இன்னும் ஆழமான தவறு. தட்டிப்போவது வேறு, தட்டிக்கழிப்பது வேறு. முதலாவதில் செய்தவர் யாரும் இல்லை. இரண்டாவதில் ஒருவர் இருக்கிறார். ‘ஃபால் த்ரூ’ முதல் வகை. அதனால் ‘தி ஹோட்டல் ஃபெல் த்ரூ மை புக்கிங்’ தவறு. ‘மை புக்கிங் வாஸ் ஃபாலன் த்ரூ’வும் தவறு. ஒருவர் முடிவெடுத்து நிறுத்தியிருந்தால் ‘கேன்சல்ட்’ என்றே சொல்லுங்கள். அறையை நீங்களே ரத்து செய்துவிட்டு ‘யுவர் புக்கிங் ஃபெல் த்ரூ’ என்று எழுதினால், பொறுப்பை மறைப்பதாகவே விருந்தாளிக்குப் படும். இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும் வாக்கியம் இது: ‘தி ட்ரெய்ன் வாஸ் கேன்சல்ட், ஸோ அவர் ட்ரிப் ஃபெல் த்ரூ’. ரயிலை நிறுத்தியது ரயில்வே. பயணம் அதனால் கெட்டது.

காரணத்தை ‘த்ரூ’வோடு ஒட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ‘ஃபெல் த்ரூ தி ரெய்ன்’ என்றால் ஏதோ ஒன்று மழையின் ஊடே விழுந்தது என்றாகும். ‘ஃபெல் த்ரூ பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்’ என்பதே சரி. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என இ-பாஸுக்கு வரம்பு வந்தது. பாஸ் கிடைக்காமல் பயணம் நின்றதையும் இப்படியே சொல்லலாம்: ‘அவர் ப்ளான் ஃபெல் த்ரூ பிகாஸ் வி குட் நாட் கெட் தி இ-பாஸ்’.

‘ஃபாலோ த்ரூ’வோடு குழம்புவதுதான் ஆபத்து. அது நேர் எதிர்: எடுத்ததைக் கடைசிவரை நடத்தி முடிப்பது. ‘வி வில் ஃபாலோ த்ரூ’ என்று உறுதி கொடுக்க நினைத்து அந்த ‘ஓ’வை விழுங்கினால், நாங்களே தொப்பென்று விழுவோம் என்றாகிவிடும். ஓட்டுநர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும்போது இந்த இடத்தில் நிறுத்தி, அழுத்திச் சொல்வது நல்லது.

தள்ளிப்போனது தட்டிப்போனது ஆகாது. மே மாத மலர்க் கண்காட்சி ஒரு வாரம் தள்ளினால் ‘போஸ்ட்போன்ட்’. நடந்தும் யாரையும் கவராமல் போனால் ‘ஃபெல் ஃப்ளாட்’. பல வருட உழைப்போ சேமிப்போ மொத்தமாகப் போனால் ‘வென்ட் அப் இன் ஸ்மோக்’. ஒரு நாள் பிக்னிக்குக்கு அது மிகையான பேச்சு.

எழுதும்போது இறந்தகாலம் ‘ஃபெல்’, ‘ஹேஸ்’ வந்தால் ‘ஃபாலன்’. ‘ஃபெல்ட்’ என்பது ‘உணர்ந்தான்’. ‘த்ரூ’ ஓ, யு, ஜி, எச் என்று முடிய வேண்டும். ‘எறிந்தான்’ என்று பொருள்படும் சொல்லுக்கும் இதே ஒலி.

மழை எச்சரிக்கை வந்த நாளில் ‘தி ட்ரெய்ன் ப்ளான் மைட் ஃபால் த்ரூ’ என்று முந்தைய இரவே அனுப்பிவிடுங்கள். கோத்தகிரி சாலை திறந்திருந்தால் அந்த மாற்று வழியையும் அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள்.