பேரனோடு யுத்தப் படம் பார்ப்பது எப்படி

“அம்மம்மா, அவனுக்குத் தோளிலதானே பட்டது, ஒண்டும் ஆகாதுதானே?”

வெள்ளவத்தையில் மகளின் வீட்டுக்கு நான் வந்து ஆறு வருடமாகிறது. பேரனுக்கு இப்போது 14 வயது. சனிக்கிழமை இரவென்றால் ஹோலில் விளக்கை அணைத்துவிட்டு யுத்தப் படம் போடுவான். அன்றைக்கு வந்த படத்தில் கதாநாயகன் தோளில் வெடி வாங்கி, ஒரு துணியால் கட்டுப் போட்டுக்கொண்டு, அதே கையை ஊன்றி மதிலேறிக் குதித்தான். நான் வடக்கில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை வாட்டில் 19 வருடம் வேலை செய்த மிஸி, அதாவது தாதி. படத்தை நிறுத்தச் சொன்னேன். பேரனின் தோளைத் தொட்டுக் காட்டினேன். காறை எலும்புக்குக் கீழேதான் கைக்குப் போகும் பெரிய நாடி ஓடுகிறது. அதை ஒட்டிக்கொண்டு நரம்பெல்லாம் ஒரு கொத்தாகப் போகின்றன. அந்த இடத்தில் ரவை பட்ட சிலர் எங்கள் வாட்டுக்கு வந்து சேரவேயில்லை. வந்தவர்களில் ஒரு பெடியன், காயம் ஆறிய பிறகும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல், இடது கையால் வலது கையைத் தூக்கி மேசையில் வைப்பான்.

அன்றிலிருந்து நாங்கள் படம் பார்க்கும் முறை மாறிவிட்டது. பிள்ளைகளிடம் இந்தப் படங்களைப் பார்க்காதே என்று சொல்லிப் பயனில்லை, போனில் பார்த்துவிடுவார்கள். கூட இருந்து பார்ப்பதுதான் நல்லது. எங்கள் முறையை எழுதுகிறேன், விருப்பமானவர்கள் செய்து பாருங்கள்.

முதல் தடவை படத்தை முழுதாகப் பார்க்க விடுங்கள். இடையில் குறை சொன்னால் பிள்ளை அடுத்த கிழமை உங்களைக் கூப்பிடாது. முடிந்த பிறகு ஒரே ஒரு சண்டைக் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். ஒரு தாளும் பேனாவும் போனில் உள்ள நேரக் கணிப்பானும் போதும்.

முதலில் காதைத் தீட்டுங்கள். தூரத்து மலையில் குண்டு வெடிக்கும்போது வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தால் அது படத்துக்காகச் சேர்த்த சத்தம். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். ஒரு கிலோமீற்றர் தூரத்தில் வெடித்தால் சத்தம் வந்துசேர மூன்று வினாடி ஆகும். இதைச் சொல்லிக் கொடுக்க நான் பேரனை மழைக்காலத்தில் பல்கனிக்குக் கூட்டிப்போனேன். கடலுக்கு மேல் மின்னல் அடித்ததும் எண்ணத் தொடங்கு, எண்ணியதை மூன்றால் பிரி, கிலோமீற்றர் வரும். ஊரில் நாங்கள் ஷெல்லுக்கு இப்படித்தான் எண்ணினோம். முதலில் தூரத்தில் குத்துகிற சத்தம். பிறகு எண்ணிக்கொண்டே பங்கருக்கு ஓட்டம். படங்களில் அந்த எண்ணுகிற நேரம் வருவதேயில்லை. எனக்கு யுத்தம் என்றால் அந்த நேரம்தான்.

அதோடு, சின்ன அறைக்குள் துவக்கால் சுட்டுவிட்டு அடுத்த கணமே காதோடு காதாகப் பேசுகிறார்களா என்று பாருங்கள். உண்மையில் காது அடைத்து இரைந்துகொண்டிருக்கும். ஷெல் அருகில் விழுந்து காதுச் சவ்வு கிழிந்து வந்தவர்களிடம் பேர் கேட்பதற்குக்கூட, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித்தான் காட்டுவோம். அவர்கள் பதிலை வாட்டே அதிரும்படி கத்திச் சொல்வார்கள்.

1998இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் தொடக்கத்தில், இரண்டாம் உலக யுத்தத்தில் பிரான்சின் ஓமஹா கடற்கரையில் நிற்கும் கப்டனுக்குச் சத்தமெல்லாம் அமுங்கிப்போய், வாய்கள் மட்டும் அசைவதைக் காண்பார். அந்த இடத்தைப் பேரனுக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினேன், அவ்வளவு சரி. கை கால் இழந்தவர்களாக நடிக்க உண்மையிலேயே இழந்தவர்களையே அழைத்திருந்தார்கள். ஆனால் அதே காட்சியில் தண்ணீருக்கடியில் ஆழத்தில் இருப்பவர்களையும் ரவை துளைத்துக் கொல்கிறது. வேகமான துவக்கு ரவை தண்ணீருக்குள் ஒரு மீற்றர் போவதற்குள் பெரும்பாலும் தன் வலுவை இழந்துவிடும். நல்ல படத்திலும் இப்படிப் பிழை இருக்கும், அதற்காக முழுப்படத்தையும் தள்ளிவிட வேண்டாம்.

அடுத்தது எண்ணிக்கை, இது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. டி-56 போன்ற துவக்கின் சாதாரண மகசினில் 30 ரவைகள். விடாமல் சுட்டால் நிமிடத்துக்கு 600 என்ற வேகம், ஆகவே மூன்று வினாடியில் காலி. பேரன் ஒரு படத்தில் மகசின் மாற்றாமல் 22 வினாடி சுட்டதைப் பிடித்தான். கைக்குண்டுக்கும் ஒரு பரீட்சை வையுங்கள்: பெற்றோல் தாங்கி வெடித்ததுபோல் பெரிய தீப்பந்து எழும்பினால் பொய். உண்மையில் எழும்புவது புகையும் புழுதியும்தான். ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும் துண்டுகள். ரவை பட்ட ஆள் பின்னால் தூக்கி எறியப்பட்டாலும் பொய். சுட்டவனைத் தூக்கி எறியாத ரவை பட்டவனை மட்டும் எப்படி எறியும்?

இனிக் காயம். இதில்தான் நான் பேரனைக் கூடுதல் நேரம் இருக்க வைப்பேன்.

படத்தில் ஒருவர் கத்தியை நெருப்பில் காட்டி, ரவையைத் தோண்டி எடுத்து, கிண்ணத்தில் ‘டங்’ என்று போட்டதும் காயப்பட்டவர் பிழைத்துவிடுகிறார். உள்ளே கிடக்கும் ரவையை விட, அது இழுத்துக்கொண்டு போன சட்டைத் துணியும் மண்ணும்தான் பெரும்பாலும் ஆபத்து. ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் செத்த தசையை வெட்டி எடுத்து, நன்றாகக் கழுவி, காயத்தைத் தைக்காமல் திறந்தே விடுவார்கள். நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் தைப்பது. எடுப்பது கூடுதல் ஆபத்தென்றால் ரவையை உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு. தொடையில் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம், கடைசி வசனம் பேச நேரம் இருக்காது.

இரத்தம் போனவர் கேட்பது தண்ணீர். தியேட்டருக்குப் போக இருப்பவருக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. ஈரப் பஞ்சால் உதட்டை மட்டும் நனைப்போம், அவர் அந்தப் பஞ்சைப் பல்லால் பிடித்துக்கொள்வார். அப்புறம் வருவது மாதக்கணக்கான மருந்துக்கட்டு. காய்ந்து ஒட்டிய துணியைச் சேலைன் ஊற்றி ஊறவைத்து மெதுமெதுவாக எடுக்க வேண்டும். மருந்து ட்ரொலியின் சில்லுச் சத்தம் கேட்டதும், வாட்டின் மறுகோடியில் படுத்திருப்பவரும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிப்பார். அந்தச் சில்லுச் சத்தத்தை நான் இதுவரை எந்தப் படத்திலும் கேட்கவில்லை.

நான் பேரனுக்குச் சொன்ன இன்னொன்று: வலி உச்சத்துக்குப் போனால் தமிழ்ப் பிள்ளைகள் ‘அம்மா’ என்றார்கள், சிங்களப் பிள்ளைகள் ‘அம்மே’ என்றார்கள். ரயன் படத்தில் மருந்து கட்டும் சிப்பாய் சாகும்போதும் தாயைத்தான் கூப்பிடுகிறான். அந்த இடத்தை நான் திருத்த மாட்டேன்.

காத்திருப்பைப் பற்றியும் கேளுங்கள். படத்தில் எத்தனை நிமிடம் சண்டை, எத்தனை நிமிடம் குழி வெட்டுவது, துவக்குத் துடைப்பது, சும்மா இருப்பது? 1981இல் வந்த ‘டாஸ் பூட்’ என்ற ஜெர்மன் நீர்மூழ்கிப் படத்தில் முகங்கள் வெளிறி, தாடி வளர்ந்து, ஒருவரோடொருவர் எரிச்சல்பட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறார்கள். பேரன் முதலில் கொட்டாவி விட்டான். கடைசியில் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு, படத்தில் யார் இல்லை என்று தேடுங்கள். கொழும்பிலிருந்து ஹற்றன் பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் கித்துல்கலையில்தான் 1957இல் வந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்தை எடுத்தார்கள். களனி ஆற்றில் படத்துக்காகவே ஒரு மரப்பாலம் கட்டி, ரயிலோடு தகர்த்தார்கள். சிறந்த படம் உட்பட ஏழு ஒஸ்கார் கிடைத்தது. உண்மையான பாலம் தாய்லாந்தில் காஞ்சனபுரியில் இருக்கிறது. 1942இலும் 1943இலும் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீற்றர் ரயில் பாதையில் உள்ள பாலம் அது. 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் அந்தப் பாதை போடும் வேலையில் செத்தார்கள். அவர்களை விடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் செத்தார்கள், அதில் பெருந்தொகையானோர் மலாயா றப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். படம் பிரித்தானியக் கைதிகளின் கதை, எங்கள் ஆட்களுக்கு அதில் இடமில்லை. போன ஓகஸ்ட் விடுமுறையில் பேரனைக் கித்துல்கலைக்குக் கூட்டிப்போய், ஆற்றங்கரையில் வைத்து இதைச் சொன்னேன். அவன் தண்ணீரில் கல் எறிவதை நிறுத்திவிட்டான்.

கடைசியாக, யுத்தத்தில் இருந்த ஒருவரிடம் கேளுங்கள். ‘எத்தனை பேரைச் சுட்டீங்கள்’ என்று பிள்ளை கேட்கக் கூடாது, அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என்ன சாப்பிட்டீங்கள், எங்கே படுத்தீங்கள், வீட்டுக்குக் கடிதம் எப்படிப் போனது என்று கேட்கலாம். எங்கள் மாடிவீட்டுக் கேற்றில் இரவுக் காவலுக்கு இருப்பவர் ஓய்வுபெற்ற ஆமிக்காரர். பேரன் போய் அவருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டான். அவர் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னார்: “மழைக்குச் சப்பாத்துக் கழட்ட ஏலாது மகன். கழட்டினா கால் வீங்கும், திரும்பப் போட ஏலாது.” மலேரியா வந்து பங்கருக்குள் நடுங்கிக் கிடந்ததைச் சொன்னார். படங்களில் யாரையும் நுளம்பு கடிப்பதில்லை என்றும் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்து, “அம்மா அந்த நேரம் எங்க இருந்தது?” என்று கேட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழும்பி உள்ளே போய், இன்னொரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து வைத்தார்.