பெரிய கை ஆர்டர் போட்டா கிரிப்டோ காயின் விலை ஏன் குதிக்குது? ஆர்டர் புக் பாக்கப் படிச்சுக்கிடுங்க மக்கா

தோவாளை பூச்சந்தைக்கு விடியக்காலம் போயிருக்கவங்களுக்கு இத சொல்லியே குடுக்க வேண்டாம், ஏற்கனவே தெரிஞ்ச விஷயந்தான், பேருதான் வேற. ஓணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போ கேரளா யாவாரி ஒருத்தரு வண்டியோட வந்து இறங்கி "பிச்சி எவ்ளோ இருக்கோ அவ்ளோத்தையும் போடும்"னு ஒரு வார்த்த சொன்னா போதும், முதல் கடையில சொன்ன ரேட்டுக்கு அங்க உள்ள கூடை காலி, அதப் பாத்துட்டு அடுத்த கடைக்காரரு கொஞ்சம் கூட்டி சொல்லுவாரு, அதுக்கு அடுத்தவரு அதுக்கும் மேல. கடைசிக் கூடை என்ன ரேட்டுக்கு போச்சோ அதுதான் அன்னைக்கு டீக்கடையில பேசுற "பிச்சி ரேட்டு". காயின் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்சு ஆப்புல பெருசா எழுதி காட்டுற விலையும் அதேதான், கடைசியா கைமாறின கூடையோட ரேட்டு. அந்த ரேட்டுக்கு உங்களுக்கு இன்னொரு கூடை கிடைக்கும்னு எவனும் வாக்கு குடுக்கல.

நான் இத கைய சுட்டுத்தான் படிச்சேன். 2021ல ஊரே போனும் கையுமா காயின் பாத்துக்கிட்டு கிடந்த நேரம், நானும் ஒரு சின்ன காயின்ல முப்பதாயிரத்த ஒரே அமுக்கா மார்க்கெட் ஆர்டர் போட்டேன், வாங்கி முடிச்ச அடுத்த செகண்டே எட்டு பர்சன்ட் நஷ்டம்னு காட்டுது. ஆப்பு கோளாறுன்னு நெனச்சு கஸ்டமர் கேருக்கு எழுதினா, உங்க ஆர்டர் சரியாத்தான் நடந்துருக்குன்னு ஒரு வரி பதில். கடுப்பா இருந்துச்சு, ஆனா அவங்க சொன்னது உண்மதான். வெலைய ஏத்தி விட்டதே நான்தான்.

சரி, ஆர்டர் புக். ரெண்டு பக்கம் இருக்கும். ஒரு பக்கம் வாங்க நிக்கிறவங்க, எவ்ளோ காயின் என்ன விலைக்குன்னு வரிசையா, இன்னொரு பக்கம் விக்க நிக்கிறவங்க. இங்க நிக்கிறது எல்லாம் லிமிட் ஆர்டர், அதாவது "இந்த விலைன்னா சரி, இல்லன்னா காத்திருக்கேன்"னு சொன்னவங்க. மார்க்கெட் ஆர்டர் போடுறவன் "எந்த விலைன்னாலும் சரி, இப்பவே வேணும்"னு சொல்றவன், அவன் வந்து எதிர்ப் பக்கத்துல நிக்கிறத தனக்கு நல்ல விலையில இருந்து ஒண்ணொண்ணா தின்னுட்டே போவான். வாங்குற பக்கத்து ஒசந்த விலைக்கும் விக்கிற பக்கத்து தாழ்ந்த விலைக்கும் நடுவுல உள்ள இடைவெளிதான் ஸ்ப்ரெட்.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம், பேப்பர் எடுத்துக்கிடுங்க, இது புரிஞ்சா மிச்சம் எல்லாம் சும்மா. ஒரு காயின், விக்கிற பக்கத்துல 10 ரூபாக்கு 2000 காயின், 10.05க்கு 1500, 10.20க்கு 1000, 10.50க்கு 800, அதுக்கு மேல 11.20க்குத்தான் ஆள் இருக்கு. ஒருத்தன் 50,000 ரூபாக்கு மார்க்கெட் ஆர்டர் அடிக்கான். முதல் 2000க்கு 20,000 போச்சு, அடுத்த 1500க்கு 15,075, அடுத்த 1000க்கு 10,200, மிச்சம் 4,725 ரூபாக்கு 10.50ல 450 காயின். மொத்தம் 4950 காயின், சராசரி சுமார் 10.10 ரூபா. ஆனா ஸ்க்ரீன்ல இப்ப விலை 10.50, அஞ்சு பர்சன்ட் ஏத்தம்! பாக்குறவன் என்ன நெனப்பான், ஏதோ நியூஸ் வந்துருக்குன்னு. நியூஸும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு ஆளு அம்பதாயிரத்துக்கு வாங்கிருக்கான், அவ்ளோதான்.

இன்னொரு கூத்து கேளுங்க. இந்த காயின் மொத்தம் ஒரு கோடி புழக்கத்துல இருக்குன்னு வைங்க, காயின் ஒண்ணுக்கு அம்பது பைசா ஏறினதால மார்க்கெட் கேப், அதாவது மொத்த காயின கடைசி விலையால பெருக்கின தொகை, 50 லட்சம் கூடிருச்சுன்னு காட்டும். உள்ள வந்த பணம் 50,000. மார்க்கெட் கேப்ப பாத்து "இவ்ளோ பணம் வந்துருக்கே"ன்னு வாயப் பொளக்குறவங்கள பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும், அந்த எண்ணுக்கும் உள்ள இருக்குற காசுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது.

வாங்கினவன் உடனே வித்துட்டு வெளிய வரலாம்னு நெனச்சா என்ன ஆகும்? வாங்குற பக்கத்துல 9.95க்கு 1000, 9.80க்கு 1500, 9.50க்கு 3000 நிக்குதுன்னா, அவன் 4950ஐயும் அடிச்சா கைக்கு வர்றது 47,925. ரெண்டாயிரத்து சொச்சம் போச்சு, இதுல எக்ஸ்சேஞ்சு கமிஷனும், விக்கிறதுல ஒரு பர்சன்ட் வரிக்குன்னு முன்கூட்டியே டிடிஎஸ்ஸா பிடிக்கிற சுமார் 480 ரூபாயும் சேக்கல. நெனச்ச விலைக்கும் கிடைச்ச விலைக்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்குத்தான் ஸ்லிப்பேஜ்னு பேரு. அப்ப விலைய நகத்துனது பெரிய ஆர்டரா, இல்ல புக்கு மெலிஞ்சு கிடந்ததா? ரெண்டாவதுதான்னு நான் சொல்லுவேன். இதே அம்பதாயிரத்த பிட்காயின்ல போட்டா ஒரு ஈ கூட அசையாது.

இந்த பெரிய கைங்கள வேல்ஸ்னு சொல்லுவாங்க, குமாரகோயில் முருகன் கையில இருக்குற வேல் இல்ல, திமிங்கலம். தெளிவான திமிங்கலம் நான் பண்ணின மாதிரி ஒரே அமுக்கா அடிக்காது. 2020 செப்டம்பர்ல மைக்ரோஸ்ட்ராடஜி கம்பெனி 16,796 பிட்காயின் வாங்கினப்ப, 74 மணி நேரம் நிக்காம 88,617 ட்ரேடா பிரிச்சு வாங்கினோம்னு அதோட தலைவரு மைக்கேல் சேய்லரே சொன்னாரு, கணக்கு போட்டா மூணு செகண்டுக்கு ஒருக்கா ஒரு பிட்காயின்ல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. யாவாரி நாலு ஆள நாலு கடைக்கு அனுப்பி பைய பைய வாங்குற அதே வேலதான். முழு அளவக் காட்டாம ஒரு துண்டு மட்டும் வெளிய தெரியிற மாதிரி போடுறதும் உண்டு, ஐஸ்பெர்க் ஆர்டர்னு பேரு. ஒரே விலையில ஒரே அளவு தின்னத் தின்ன திரும்பத் திரும்ப முளைச்சுக்கிட்டே இருந்தா அதுவா இருக்கலாம். இன்னும் பெருசுன்னா புக்குக்கே வராம ஓடிசின்னு நேர ஆள் பாத்து பேசி முடிச்சுருவாங்க. 2025 ஜூலைல கேலக்ஸி டிஜிட்டல்ங்கிற கிரிப்டோ கம்பெனி ஒரு பழைய முதலீட்டாளருக்காக 80,000க்கு மேல பிட்காயின் வித்துக் குடுத்துச்சு, 9 பில்லியன் டாலருக்கும் மேல, அப்பவும் விலை கொஞ்சம் இறங்கினதோட சரி, கவிழல.

அவசரப்பட்டா என்ன ஆகும்னு பாக்கணும்னா 2017 ஜூன் 21. ஜிடாக்ஸ் எக்ஸ்சேஞ்சுல, அது காயின்பேஸ்ங்கிற அமெரிக்க கம்பெனியோடது, எவனோ பல மில்லியன் டாலர் ஈத்தரியம் காயின ஒரே மார்க்கெட் ஆர்டரா வித்தான், 317.81 டாலர்ல இருந்து 224.48க்கு புக்க தின்னுட்டு இறங்கிருச்சு. அதோட நிக்கல, "இந்த விலைக்கு கீழ போனா என்னோடத வித்துரு"ன்னு போட்டு வச்சிருந்த ஸ்டாப் லாஸ் ஆர்டரும், கடன் வாங்கி போட்டவங்களோட காயின எக்ஸ்சேஞ்சே வித்து கடன எடுக்குற மார்ஜின் லிக்விடேஷனுமா சுமார் 800 ஆர்டர் ஒண்ணு பின்னால ஒண்ணா வெடிச்சு விலை 10 சென்ட் வரைக்கும் போச்சு. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துருச்சு, ஆனா அதுக்குள்ள வித்துப் போனது வித்துப் போனதுதான். பொறவு காயின்பேஸ் கைக்காச போட்டு ஈடு கட்டினது வேற கத, எல்லாரும் அப்படி குடுப்பாங்கன்னு கனவு காணாதீங்க. 2025 அக்டோபர் 10ல நடந்ததும் இதே சங்கிலிதான், டிரம்ப் சீனாவுக்கு 100 பர்சன்ட் வரின்னு சொன்னதுல ஆரம்பிச்சு ஒரு நாளைக்குள்ள 19 பில்லியன் டாலருக்கு மேல லிவரேஜ் பொசிஷன், அதாவது கடன் வாங்கி போட்டது, லிக்விடேட் ஆச்சு, வாங்க நின்னவங்க புக்க விட்டு ஓடினதால சில சின்ன காயின் கொஞ்ச நேரம் கிட்டத்தட்ட பூஜ்யத்த தொட்டுட்டு வந்துச்சு. அதனால ஸ்டாப் லாஸ் போடுறவங்க கவனிங்க, ஸ்டாப் மார்க்கெட்னு போட்டா கிடைச்ச விலைக்கு தள்ளிரும், ஸ்டாப் லிமிட்னு போட்டா நீங்க சொன்ன விலைக்கு கீழ விக்காது, ஆனா விக்காமலே போகவும் வாய்ப்பு இருக்கு. ரெண்டுலயும் சங்கடம் உண்டு.

புக்குல சில நேரம் ஒரே விலையில மல மாதிரி பெரிய ஆர்டர் நிக்கும், வால்னு சொல்லுவாங்க, சுவர். அதப் பாத்து "ஆஹா இதுக்கு கீழ போகாது"ன்னு நம்பி வாங்குறவங்க நெறைய பேரு. நான் ரொம்ப நாள் கவனிச்சதுல ஒண்ணு சொல்றேன், விலை பக்கத்துல வர வர சுவரு நகந்து போச்சுன்னாலோ சட்டுன்னு காணாமப் போச்சுன்னாலோ அது பெரும்பாலும் நெசமான ஆர்டர் இல்ல, உங்கள பயமுறுத்தவோ ஆச காட்டவோ வச்சதா இருக்கும். இதுக்கு ஸ்பூஃபிங்னு பேரு, அமெரிக்காவுல 2010 டாட் ஃபிராங்க் சட்டத்துல குத்தம்னே எழுதிட்டாங்க. நம்ம நாட்டுல ஷேர் மார்க்கெட்ட செபி பாத்துக்கிடும், கிரிப்டோவ பாக்குறதில்ல, அதனால அந்த சுவர நம்பி சாயாதீங்க. எத தின்னாங்க, எவ்ளோ அளவுன்னு உண்மையில நடந்தத காட்டுற ட்ரேட் லிஸ்ட் பக்கத்துலயே ஓடும், அதப் பாருங்க. "இவ்ளோ காயின் எக்ஸ்சேஞ்சுக்கு நகந்துருக்கு"ன்னு வர்ற அலெர்ட்டும் அப்படித்தான், அது விக்கப் போறதாவும் இருக்கலாம், எக்ஸ்சேஞ்சே தன் பெட்டிய மாத்தி வைக்கிறதாவும் இருக்கலாம்.

நம்ம ஊரு ரூபா ஜோடில, அதாவது ரூபாய குடுத்து காயின் வாங்குற புக்குல, இந்த பாடு இன்னும் கூடுதல். 2022 ஏப்ரல்ல லாபத்துக்கு 30 பர்சன்ட் வரி, ஜூலை 1ல இருந்து ஒரு பர்சன்ட் டிடிஎஸ்னு வந்த பொறவு இந்திய எக்ஸ்சேஞ்சுகள்ல வியாபாரம் பலமா படுத்துருச்சு, புக்கும் மெலிஞ்சுது. ஒரு காயின்ல வந்த நஷ்டத்த இன்னொண்ணோட லாபத்துல கழிக்கவும் முடியாது. டாலர் ஜோடில அசையாத ஆர்டர் ரூபா ஜோடில விலைய தூக்கிப் போடும்.

அப்ப வாங்கும்போ என்ன செய்யணும். காயின் விலை காட்டுற காயின்மார்க்கெட்கேப் வெப்சைட்ல காயினோட பக்கத்துக்குப் போயி மார்க்கெட்ஸ் அமுக்குங்க, எக்ஸ்சேஞ்சு வாரியா 2 பர்சன்ட் டெப்த்னு ஒரு கணக்கு இருக்கும், அதாவது விலைய ரெண்டு பர்சன்ட் மேலயோ கீழயோ தள்ள எவ்ளோ பணம் போதும்னு. அங்க சில ஆயிரம் டாலர்னு இருந்தா அந்த காயின்ல நீங்களே திமிங்கலம். நீங்க போடப் போற தொகை அந்த டெப்த்துல பத்துல ஒரு பங்கக் கூட தாண்டக் கூடாதுங்கிறது என் கணக்கு, எழுதி வச்ச சட்டம் ஒண்ணும் இல்ல. ஸ்ப்ரெட் ஒரு பர்சன்ட்டுக்கு மேல இருந்தா நான் அந்த பக்கமே போறதில்ல. அப்புறம் விக்கிற பக்கத்துல உங்க தொகை எத்தனாவது வரி வரைக்கும் தின்னும்னு மேல சொன்ன மாதிரி கூட்டிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேல.

ஆர்டர் போடும்போ லிமிட்தான். ஆப்புல பளிச்சுன்னு முன்னால நிக்கிறது பெரும்பாலும் மார்க்கெட் பட்டனாத்தான் இருக்கும், அத மாத்தணும். பெரிய தொகைன்னா நாலஞ்சா பிரிங்க, ஒண்ணு நிறைஞ்ச பொறவு புக்கு திரும்ப நிரம்ப நேரம் குடுத்து அடுத்தது போடுங்க. சார்ட்ல விலை ஏத்தத்த காட்டுற பச்ச மெழுகுவத்தி ஒண்ணு திடீர்னு உயரமா நின்னா உடனே குதிக்காம ட்ரேட் லிஸ்ட்ட பாருங்க, ஒரே ஆளு மெலிஞ்ச புக்க தின்னதா இல்ல பல பேரு தொடர்ச்சியா வாங்குறாங்களான்னு. முதலாவதுன்னா பெரும்பாலும் விலை பாதி வழியாவது திரும்பி வரும், நீங்க அவசரப்பட்டா உச்சியில உக்காந்திருக்கது நீங்களாத்தான் இருப்பீங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு காசும் போடாம ஏதாவது ஒரு சின்ன காயின் புக்க பத்து நிமிஷம் திறந்து வச்சு, ஒவ்வொரு ஆர்டரும் எத்தன வரி தின்னுதுன்னு எண்ணிப் பாருங்க, ரெண்டாவது நாள் சுவரு நகருறதும் கண்ணுல பட ஆரம்பிச்சுரும்.